அடிக்காத பாசியான்

இம்முறையும் அது விழவில்லை.

அவன் கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுவந்தான். திரையில் அவனுடைய எரிகொம்பன் முழு வேகத்தில் முட்டிய முட்டு அது. இந்தப் பாளையங்கோட்டைக் கைப்பேசி விளையாட்டுப் போட்டியில் அதைத் தாங்கிய பூதம் இதுவரை ஒன்றும் இல்லை.

பாசியான் நின்றது. அதன் உயிர்க்கோட்டில் மயிரிழை அளவு சிவப்பு மீந்திருந்தது.

முந்தைய முட்டிலும் அதே மயிரிழை.

மேசைக்கு அப்பால் அதை வளர்த்த ஜெபசெல்வி தன் திரையை ஒரு விரலால் தொட்டாள். பாசியான் கண்களை மூடிக்கொண்டது. பச்சை ஒளி மெல்லப் பரவியது. கோடு மறுபடி நிரம்பிவிட்டது.

ஆளுக்கு இரண்டு பூதங்கள், இரண்டும் சேர்ந்தே களமிறங்கும். இரு பக்கமும் ஒவ்வொன்று விழுந்தாயிற்று. களத்தில் மீதி இவை இரண்டுதான்.

வெல்பவருக்கு மாநில அணியின் கடைசி இடம். அடுத்த ஆண்டு அவன் வயது வரம்பைக் கடந்துவிடுவான்.

ஆட்டத்தின் தொடக்கத்தில், பின்னால் நின்ற நண்பன் இசக்கி அவன் காதருகே குனிந்தான்.

"ஏலே, அடிக்கவே தெரியாத சீவனக் கூட்டிட்டு வந்திருக்கு இந்தப் பிள்ள. சண்டைக்கு வந்துச்சா, விருந்துக்கு வந்துச்சா?"

அவனும் சிரித்தான்.

ஒரு பூதத்துக்கு நான்கு வித்தைகள்தாம் கற்பிக்க முடியும். துணைக்கென்று வளர்க்கும் பூதத்துக்குக்கூட அவற்றில் ஒன்றை அடிக்காக ஒதுக்குவது வழக்கம். அவள் ஒதுக்கவில்லை. கூட்டாளிப் பூதத்துக்கு வரும் அடியைப் பாசியான் தன்மேல் இழுத்துக்கொண்டது. கூட்டாளியைத் தேற்றியது. எதிரியின் கண்ணை மறைத்தது. தன்னைத் தேற்றிக்கொண்டது.

வேறொன்றும் அதற்குத் தெரியாது.

அதன் நிழலில் நின்றுகொண்டுதான் அவளுடைய மின்நரி, ஒரு கீறலும் படாமல், அவனது முதல் பூதத்தைக் கடித்து வீழ்த்தியது. பாசியான் தன்னைத் தேற்றிக்கொண்ட ஒரு சுற்றில் நரி தனியே அகப்பட்டது. கொம்பன் அதை முடித்தது.

வென்றுவிட்டோம் என்று அப்போது நினைத்தான். அடிக்காத ஒன்றிடம் யார் தோற்பார்கள்?

இப்போதுதான் அவனுக்கு விளங்கத் தொடங்கியது.

பாசியான் மந்தமாகப் பிறந்ததன்று. மந்தமாக வளர்க்கப்பட்டது. பயிற்சிப் புள்ளிகள் கையில் வந்தால் எவரும் முதலில் வேகத்தில்தான் போடுவார்கள். அவள் அதில் ஒரு புள்ளியும் போடவில்லை. ஆகவே, வேகம் பாராத அடியிழுக்கும் வித்தை தவிர மற்றவற்றுக்கு, கொம்பன் முட்டி முடித்த பிறகே பாசியானின் முறை வருகிறது.

காயத்துக்குப் பிறகு மருந்து. முந்தி வந்தால் அந்த மருந்து வீண்.

அந்த மயிரிழையும் தற்செயல் அன்று. கொம்பனின் முட்டு எவ்வளவு வலியது என்று கணக்கிட்டு, அதைவிட ஒரு துளி கூடுதலாகப் பாசியானுக்கு உயிர் ஏற்றியிருக்கிறாள். ஒரு துளிதான். மீந்த புள்ளிகள் யாவும் கூட்டாளியைத் தேற்றும் வித்தைக்குப் போயிருக்கின்றன.

அவனுடைய கொம்பனை இத்தனை கவனமாக எவரும் பார்த்ததில்லை.

அவனே பார்த்ததில்லை.

பார்த்திருந்தால் நான்கு வித்தைகளையும் அடிகளாகவே கற்பித்திருக்க மாட்டான். மூன்று அடிகள் பாசியானின் தோலையே தாண்டவில்லை. நான்காவது அந்த முட்டு. முட்டும்போதெல்லாம் வலியில் ஒரு பங்கு கொம்பனுக்கே திரும்புகிறது. எதிரிகள் ஒரே முட்டில் விழுந்துகொண்டிருந்தவரை அந்தப் பங்கை அவன் பொருட்படுத்தியதில்லை.

கொம்பன் இன்னும் இரண்டு முட்டுகளைத் தாங்கும். அதற்கு மேல் தானே விழும்.

எப்போதாவது முட்டு இடம்பார்த்து விழுந்தால் வலி கூடும். எஞ்சியிருந்தது அந்த ஒரு வாய்ப்புதான்.

அப்போது ஜெபசெல்வியின் முகம் மாறியது.

அவள் திரையின் மேல் மூலையைப் பார்த்தாள். பையைத் துழாவினாள். மறுபடி மூலையைப் பார்த்தாள். அவளது மூக்குக்கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது.

சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது.

சுவரோரம் இருந்த பிளக் பாயிண்டுகளுக்கு எழுந்து போக விதி இல்லை. கைப்பேசி அணைந்தால் தோல்வி. அதற்குமட்டும் விதி இருந்தது.

இசக்கியும் கவனித்துவிட்டான். இம்முறை அவன் சிரிக்கவில்லை.

"சும்மா இருலே. அது தானா அணையட்டும்."

ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம். நிமிடம் முழுவதும் யோசிக்கலாம். யோசித்தால் போதும்.

அவன் யோசித்தான்.

திரையின் ஓரத்தில் நொடிகள் குறைந்தன. பாசியான் எதிரே அசையாமல் நின்றது. அடுத்த அடியை வாங்கிக்கொள்ள அது ஆயத்தமாக இருந்தது.

அணைந்த திரையில் அது நின்றபடியே இருக்கும். விழுந்திராது.

அவன் குனிந்து தன் பையிலிருந்து பவர் பேங்கை எடுத்தான். ஒயரின் முடிச்சைப் பிரித்தான். மேசையின் மறுபக்கத்துக்குத் தள்ளினான்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக ஜெபசெல்வி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"மாட்டுங்க" என்றான். "இத நான் முட்டித்தான் சாய்க்கணும்."

இசக்கி தலையில் அடித்துக்கொண்டு அப்பால் போனான்.

அவள் ஒயரைத் தன் கைப்பேசியில் செருகப் பார்த்தாள். முதல் தடவை ஒயர் துளையில் சேரவில்லை. இரண்டாவது தடவை சேர்ந்தது. அவளது கண்ணாடியில் சிவப்பு மறையும்வரை அவன் காத்திருந்தான்.

பிறகு முட்டினான்.