தறிகள் நின்ற காலை

பராமரிப்பு வேலைக்காக இன்று பகல் முழுவதும் ராஜபாளையத்தில் மின்சாரம் இருக்காது. விசைத்தறிகள் நிறைந்த தெருவில், வெங்கடேஸ்வரி அண்டா, குடம், தூக்குவாளி என்று அகப்பட்ட பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைக்கிறாள். தறிகளின் அதிர்வில் அத்தனை நீரும் நடுங்குகிறது. அதில் பட்ட வெயில் கூரையில் வட்டம் வட்டமாகத் துள்ளுகிறது. “ஆத்தையே வீட்டுக்குள்ள கொண்டாந்துருவ போலயே!” என்று கத்துகிறாள் கணவனின் அக்கா மாரிக்கனி, கிரைண்டரிலிருந்து மாவை வழித்தபடி. வெங்கடேஸ்வரி சிரிக்கவில்லை. பாயில் கிடக்கும் நான்கு மாத மகனையே பார்க்கிறாள். “இப்பவும் கூப்பிட்டேன் மதினி, திரும்பவே மாட்டேங்கான். காது கேக்குமா இவனுக்கு?” “ஏட்டி, இந்தச் சத்தத்துல எனக்கே கேக்கல, பச்சப்பிள்ளைக்கு எங்கிட்டு கேக்கும்?” சொல்லி முடிப்பதற்குள் மின்விசிறி தளர்கிறது. தெருவின் தறிகள் எல்லாம் ஒருசேர நிற்கின்றன. பாத்திரங்களில் நீர் மெல்ல அடங்கிக் கண்ணாடியாகிறது. கூரையில் ஒளி வட்டங்கள் அப்படியே உறைகின்றன. இருவருக்கும் மூச்சு விடவே தயக்கமாக இருக்கிறது. குழந்தையின் பின்புறம், சுவரோரக் குழாயிலிருந்து ஒரு சொட்டு நிறைகுடத்தில் விழுகிறது. டொளக். குழந்தை தலையைத் திருப்புகிறான், குழாய் இருக்கும் பக்கமாக. கண்களை அகல விரித்து அடுத்த சொட்டுக்குக் காத்திருக்கிறான். “ஏட்டி…” என்கிறாள் மாரிக்கனி. குழாயை இறுக்கி மூட நீட்டிய கையை வெங்கடேஸ்வரி மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள்.