வடியுதா?

வெர்மாண்டில் மார்ச் மாதத்து மதியம். ஆஸ்பத்திரிக் கூரை விளிம்பில் உறைந்து தொங்கும் பனி உருகி, சன்னலுக்கு வெளியே சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. கட்டிலுக்கு அடியில் தொங்கும் மூத்திரப் பையில் மட்டும் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மார்ஜோரி குனிந்து அந்தப் பையையே பார்க்கிறாள். அடியில் கஷாய நிறத்தில் கொஞ்சம், காலையில் நின்ற அதே கோட்டில் நிற்கிறது. குழாயை விரலால் சுண்டிப் பார்க்கிறாள். கட்டிலில் கிடக்கும் கணவனுக்குக் குடித்துக் குடித்துக் கல்லாகிப்போன ஈரல், குடமாய் வீங்கிய வயிறு, அந்த வயிற்று நீருக்குள் புகுந்த கிருமி. கிருமியை மருந்து அடக்கிவிட்டதாம், ஆனால் போகிற போக்கில் அது சிறுநீரகத்தைச் சாய்த்துவிட்டதாம்; டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அவன் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறும் ஆல்புமின் மருந்து, கம்பியில் தொங்கும் அதன் புட்டி வெயில் பட்டுப் பொன்னாய் மின்னுகிறது. நாற்பது வருஷமாக மேப்பிள் மரங்களில் துளையிட்டு, குளிர் விடும்வரை மட்டுமே வடியும் இனிப்பு நீரைப் பாகாகக் காய்ச்சி, ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் ஒரு புட்டியைச் சன்னலில் வைத்து நிறம் பார்த்தவன் லூசியென். மஞ்சள் பூத்த கண்களைத் திறந்து அந்தப் புட்டியைப் பார்க்கிறான்.

"முதல் பாகு, மார்ஜி. நிறம் அருமையா வந்திருக்கு. மரம் வடியுதா?"

"வடியுது."

"எவ்வளவு?"

"வாளி நிறைஞ்சு வழியுது, லூசியென்."

வறண்ட உதடு கோணிச் சிரிக்கிறது. "பொய் சொல்றப்ப மட்டும்தான்டி உன் குரல் இப்படி இனிக்கும்." அடுப்புக் கதவைப் பிடித்துக் காய்த்துப்போன அவன் கை, போர்வையைத் தடவித் தடவி வந்து அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறது. "நீர் வரலேன்னா அடுப்பை அணைச்சிடணும். இல்லேன்னா சட்டி கருகிடும். உனக்குத் தெரியாததா?"

மார்ஜோரி கையை விடுவித்துக்கொண்டு, பையை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்துகிறாள். "இன்னும் குளிர் முடியலைய்யா. நாளைக்கு வடியும்," என்கிறாள்.

கைகளில் பை சில்லென்று இருக்கிறது.