மேனேஜருக்கு எதிரே ஒருவர்

"நானும் எல்லாத்தையும் வைக்கிறேன் சார்" என்று சொல்லி, தன் முன்னால் இருந்த பிளாஸ்டிக் வில்லைகள் மொத்தத்தையும் மேஜை நடுவே தள்ளினார் புது ஸ்டோர்கீப்பர்.

சாப்பாட்டு அறையில் இருந்த அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் போக்கர் போட்டி. பந்தயத்துக்குக் காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான்; ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. ஆறு வருடமாக அந்தக் கோப்பை மேனேஜர் அறையைவிட்டு வெளியே வந்ததில்லை.

அவருடைய சித்தாந்தம் நோட்டீஸ் போர்டிலேயே ஒட்டியிருந்தது: 'நல்ல கை வந்தால் ஒளிக்காதே. முதலிலேயே அடித்து ஆடு. எதிரி ஓடுவான்.'

எதிரி ஓடத்தான் செய்தான். மேனேஜர் வில்லையைத் தொட்டாலே போதும், சுற்றியிருக்கும் அத்தனை பேரும் சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்திலிருந்து விலகிவிடுவார்கள். சம்பள உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவரோடு யார் மல்லுக்கு நிற்பது?

இன்றும் மேனேஜர் எல்லா வில்லையையும் வைத்தார். ஆறு பேர் பவ்யமாகக் கவிழ்த்தார்கள். ஏழாவது ஆள்தான் இந்த ஸ்டோர்கீப்பர்.

கணக்கர் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். காலையில்தான் தனியே கூப்பிட்டுப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

"ஆறு மாசம் முடியுது. நிரந்தரம் ஆகறவங்க லிஸ்ட்ல உங்க பேரு இல்ல. திங்கக்கிழமையோட சரி. மத்தியானம் மேனேஜர்கிட்ட அழகா தோத்து வைங்க. மனசு இளகினாலும் இளகும்."

நாற்பத்திரண்டு வயது, இரண்டு பெண் குழந்தைகள், போன கம்பெனியை மூடியதில் ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்த மனிதர். அவருக்கு அழகாகத் தோற்கக்கூடத் தெரியவில்லையே என்று கணக்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வயித்து வலின்னு சொல்லிட்டு கவுத்துடுங்க" என்று காதைக் கடித்தார்.

"பரவாயில்ல சார்."

சீட்டுகள் திறந்தன. மேனேஜரிடம் இரண்டு ராஜா. ஸ்டோர்கீப்பரிடம் இரண்டு ஏஸ். போக்கரில் அதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது. நடுவில் இருவருக்கும் பொதுவாக விரித்த ஐந்து சீட்டும் மேனேஜரைக் காப்பாற்றவில்லை.

மேனேஜர் எழுந்தார். "என் ரூமுக்கு வாங்க."

"போச்சு. திங்கக்கிழமை வரைக்கும்கூடத் தாங்காது" என்றார் கணக்கர். விற்பனைப் பிரிவுக்காரர் துக்கம் விசாரிக்கும் முகத்தை இப்போதே தயார் செய்துகொண்டார்.

அறைக் கதவைச் சாத்தியதும் மேனேஜர் கேட்டார்: "எப்படிங்க உங்களுக்குத் தைரியம் வந்துச்சு?"

"நோட்டீஸ் போர்டுல நீங்க எழுதினதுதான் சார். நல்ல கை வந்தா அடிச்சு ஆடுன்னு."

மேனேஜர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போன மாசம் லீவு போட்டுட்டு வெளியூர்ல ஒரு பெரிய போட்டிக்குப் போனேன். யார்கிட்டயும் சொல்லல. பத்தே நிமிஷத்துல தோத்து வெளிய வந்துட்டேன். நான் அடிச்சேன், ஒருத்தனும் ஓடல. நான் மேனேஜர்னு அங்க யாருக்கும் தெரியாதே."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆறு வருஷமா இங்க எவனும் என்கூட ஆடவே இல்லைங்க. அப்பதான் புரிஞ்சுது. அடுத்த மாசம் மறுபடியும் போகணும். அதுக்குள்ள நிஜமா ஆடக் கத்துக்கணும். எனக்கு எதிரே ஒரே ஒரு ஆள் வேணும். இருப்பீங்களா?"

"கண்டிப்பா சார்."

மேனேஜர் லிஸ்டை இழுத்து, கடைசியில் அவர் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். பக்கத்தில் 'ஸ்டோர்ஸ் இன்சார்ஜ்' என்றும் சேர்த்தார். அன்று வீட்டில் ஸ்டோர்கீப்பரின் மனைவி சந்தோஷத்தில் அழுதேவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை.

மேனேஜர் எல்லா வில்லையையும் நடுவில் தள்ளினார். ஆறு பேர் வழக்கம்போலக் கவிழ்த்தார்கள். அவர்களை மேனேஜர் பார்க்கவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த இன்சார்ஜைத்தான் அத்தனை ஆசையாகப் பார்த்தார்.

இன்சார்ஜ் தன் சீட்டைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். சட்டையில் குத்தியிருந்த புது அடையாள அட்டையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.

"நமக்கு ஒண்ணும் வரல சார்" என்று கவிழ்த்துவிட்டார். கணக்கர் காலை மிதிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

மேனேஜர் எட்டி அந்தச் சீட்டுகளைத் திருப்பினார்.

இரண்டு ஏஸ்.

"ஏங்க? போன வாரம் இதே கையை வெச்சுத்தானே என்னை அடிச்சீங்க?"

இன்சார்ஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன வாரம் எனக்கு வேலை இல்லையே சார்."