முதுகு வலிக்கு ஏத்த வண்டி

"முதுகு வலிக்காரருக்கு எந்த சைக்கிள் தோதா இருக்கும் பாய்?"

கேட்டது நர்ஸம்மா ராஜாம்பாள். செஞ்சி சுற்று வட்டாரத்தில் பிரசவம் பார்க்கிற சர்க்கார் உத்தியோகம் அவளுக்கு. இத்தனை நாளும் நடைதான்.

பக்கத்தில் அவள் புருஷன் வீராசாமி, கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கியவன். போன வருஷம் லாரி மேலிருந்து மூட்டையோடு விழுந்தான். முதுகு போனது, வேலையும் போனது.

சைக்கிள் கடை பஷீர் அகமது அவனைப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"ஹாண்டில் பார் ஒசரமா இருக்கணும்மா. குனிஞ்சி ஓட்டினா இடுப்பு வுட்டுப்போயிடும். சீட்டுக்கு அடியில பெரிய ஸ்பிரிங்கா போடறேன். டயர்ல காத்தும் கொஞ்சம் கம்மியா இருக்கட்டும். குலுக்காது."

"நடுவுல பார் வச்ச வண்டி வேணாம். அவரால கால தூக்கிப் போட முடியாது. லேடீஸ் வண்டியா குடுங்க."

"அதுவும் சரிதான். வலி வந்தவனுக்கு ஆம்பள வண்டி இன்னா, பொம்பள வண்டி இன்னா?"

"சீட்டு எப்படியோ இருக்கட்டும் பாய். பின்னால கேரியர் மேல நல்ல பஞ்சா வச்சி மெத்தை தெச்சிப் போடுங்க. கால் வச்சிக்க ரெண்டு பக்கமும் கம்பி வேணும்."

பஷீரின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

"வலி அவனுக்கு. மெத்தை உங்களுக்காம்மா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜாம்பாள் சிரிக்கவில்லை.

"போட முடியுமா, முடியாதா?"

"முடியும். ஆனா மனசு கேக்கல. நொந்து கெடக்கறவன் மிதிக்க, நீங்க மெத்தையில குந்திக்கினு ஊர் ஊரா போவணுமா? பாவம், அவன வீட்ல படுக்க வுடுங்கம்மா!"

"வீட்ல வுடறதுக்கில்ல. நான் போற எடமெல்லாம் அவரும் வரணும்."

வீராசாமி தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "அவ கேக்கற மாதிரியே பண்ணிக் குடுங்க பாய்."

மூன்றாம் நாள் வண்டி தயார். வீராசாமி பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். பின்னால் மெத்தையில் ராஜாம்பாள் உட்கார்ந்தாள். கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, வண்டி தள்ளாடித் தள்ளாடிப் போனது.

"கல்நெஞ்சுக்காரி!" என்றார் பஷீர், டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி.

ஒரே வாரத்தில் அவளுக்கு 'மெத்தைக்காரி' என்று பேரே வைத்துவிட்டார்கள். எதிரில் பார்த்தால் பெண்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரசவத்துக்கு மட்டும் கூப்பிட்டார்கள்.

ஐப்பசி அடைமழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், தொண்டூரில் இருக்கும் மச்சான் வீட்டுக்குச் சைக்கிளில் கிளம்பினார் பஷீர். ஊரைத் தாண்டி ஏரிக்கரை ஏறியதும், முன்னால் ஒரு சைக்கிள் தெரிந்தது.

அவர் விற்ற வண்டிதான்.

மிதித்துக்கொண்டிருந்தவள் ராஜாம்பாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிர்காற்றில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தாள். பின்னால் மெத்தையில், கம்பிகளில் காலை ஊன்றி, வீராசாமி.

மணிச் சத்தம் கேட்டுத் திரும்பினான் வீராசாமி. பஷீரைக் கண்டதும் அவன் முகம் செத்துப்போனது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கரை மேல் தனியாக நடக்க ஆரம்பித்தான்.

பஷீர் தன் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"அம்மா... நீங்களா மிதிக்கறீங்க?"

"நர்ஸ் டிரெய்னிங்ல கத்துக்கினேன் பாய். கடைசி வீடு தாண்டினதும் மாறிக்குவோம். அடுத்த ஊர் வந்தா மறுபடி அவரு மிதிப்பாரு. ஊருக்குள்ள நான்தான் மிதிப்பேன்னு அவருக்குப் பிடிவாதம்."

"அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே!"

"சொன்னா, பொண்டாட்டி மிதிக்க குந்திக்கினு போறான்னு அவரப் பாத்துச் சிரிப்பாங்க. அத அவரு தாங்கமாட்டாரு. என்னத் திட்டட்டும், பரவால்ல. நீங்களும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பஷீர் தலையாட்டினார். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"ஆளையும் வச்சி இந்தச் சேத்துல மிதிக்கறீங்களே, உங்க ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்? அவன வீட்ல வுட்டுட்டு நீங்க மட்டும் போயி வரலாம் இல்ல?"

ராஜாம்பாள் கரையை நிமிர்ந்து பார்த்தாள். வீராசாமி காதுக்கு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். அவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ஆடி மாசம் ஒரு நாள் அப்படித்தான் வுட்டுட்டுப் போனேன் பாய். பக்கத்து வீட்டுக்காரங்கதான் கெணத்துல எறங்கி அவரத் தூக்குனாங்க."