காடி

கம்ப்யூட்டர் அறையின் குளிரிலும் ஞானசீலனுக்கு வியர்க்கிறது. அச்சு இயந்திரம் தடதடவென்று அடிக்க, எழுத்துகளாலும் புள்ளிகளாலும் ஆன பம்பாய் வரைபடம் வரிவரியாக மேலேறி வருகிறது. இதைப் பார்த்துத்தான் அவனுக்கு விரிவுரையாளர் வேலை தருவதா என்று பேராசிரியர் முடிவு செய்வார். வராந்தாவில் அவர் குரல் கேட்கிறது. தாராவிக்கு வடக்கே உப்பங்கழி ஓட வேண்டிய இடத்தில் ஒரு ரயில் பாதை நெளிந்து நெளிந்து போகிறது. அவனுடைய குறிப்புகளைப் படித்து, கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அட்டைகளில் துளைபோட்டவள் பக்கத்தில் நிற்கும் செண்பகவல்லி, அவளை முறைக்கிறான். "என்ன அண்ணாச்சி, காடின்னுதான எழுதியிருந்திய? ரயில்னு போட்டேன்." "ஏ பிள்ள, அது இந்திக்காரன் காடி, வண்டி. நான் எழுதுனது மராட்டிக்காரன் காடி, உப்பங்கழி!" "ரெண்டு 'கா'வுக்கும் நம்ம எழுத்து ஒண்ணுதான? இங்கிலீஷ்ல எழுதித் தொலைச்சிருக்கலாம்லா." இயந்திரத்தை நிறுத்த ஞானசீலன் கை நீள்கிறது, எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. கதவு திறக்கிறது. பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிகிறார். அவர் விரல் அந்தப் பாதை மேலேயே ஊர்ந்து போகிறது. "மாதுங்காலேந்து தினம் ரயில்ல நசுங்கிண்டு வரேன். இந்த லைன் எப்போப்பா போட்டா?" ஞானசீலன் சிரிக்கப் பார்க்கிறான். அவர் சிரிக்கவில்லை. இயந்திரம் அடுத்த வரியை அடிக்கிறது. ரயில் கடலுக்குள் இறங்குகிறது.