கடல் உப்பு அறவே கூடாது

“கீழ வச்சிரு” என்றான்.

அவள் நீட்டிய செம்பு அப்படியே நின்றது.

பதினோரு வருடமாக, உப்பளத்திலிருந்து வந்ததும் அவள் கையிலிருந்துதான் தண்ணீர் வாங்கிக் குடிப்பான். வாங்கும்போது விரலையும் சேர்த்துப் பிடிப்பான். அவள் திட்டுவாள். திட்டு வாங்கினால்தான் அவனுக்குத் தாகம் அடங்கும்.

செம்பைப் படியில் வைத்தாள். அவள் உள்ளே போகும்வரை காத்திருந்து எடுத்துக் குடித்தான்.

ஒன்பது நாளாக இப்படித்தான்.

நார்க்கட்டிலை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டான். சோற்றையும் அங்கேயே உட்கார்ந்து தின்றான். தன் கைலியையும் சட்டையையும் தானே துவைத்து, வேறு கொடியில் காயப்போட்டான்.

வேறு கொடி. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

முதலில் அவள் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். சளி பிடித்தால் கட்டும், போய்விடும். தினமும் வேலைக்குப் போகும்முன் அவன்தான் சுக்கு உரசிப் பற்றுப் போட்டான். இரண்டு வாரம் போட்டான். போகவில்லை.

தைராய்டை எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. கூடவே பதினான்கு நெறிகளையும் எடுத்தார்கள். நான்கில் புற்று இருந்தது. இடது காதுக்குக் கீழிருந்து கழுத்தின் நடுவரை தையல்.

டாக்டரம்மா நல்லபடியாகத்தான் சொன்னார். புற்றுநோயிலேயே இது சாது. கழுத்து நெறிகளுக்குப் பரவியிருக்கிறது, அவ்வளவுதான். மிச்சம் மீதி எங்கே ஒளிந்திருந்தாலும் அயோடின் மருந்து தேடிப்போய்ச் சுட்டுவிடும். ஆனால் அதற்கு முன் பதினான்கு நாள் பத்தியம். அயோடின் உள்ளே போகவே கூடாது. பசியோடு காத்திருந்தால்தான் புற்று அணுக்கள் மருந்தை விழுங்கும்.

அவள் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். பரவியிருக்கிறது.

அவன் காதில் என்ன விழுந்ததோ தெரியாது. பத்தியம் தொடங்கிய அன்றே வீட்டிலிருந்த உப்புச் சாடியைத் தூக்கிக்கொண்டு போய் அக்கா வீட்டில் கொடுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தான். அன்றிலிருந்து கிட்டே வரவில்லை.

அவன் அக்கா வந்தால் இந்த வீட்டு டம்ளரைத் தொடுவதில்லை. புற்றை ஒட்டுவாரொட்டி என்று நினைக்கிற ஜென்மம், அதை விடலாம்.

இவனுமா?

தைராய்டுக்குப் பதிலாகக் கொடுத்த மாத்திரையை வேறு நிறுத்தியிருந்தார்கள். நாளுக்கு நாள் உடம்பு கனத்தது. முகம் வீங்கியது. பங்குனி வெயிலிலும் குளிர்ந்தது. கண்ணாடியில் தையலைப் பார்த்தாள். பார்க்கச் சகிக்காமல்தான் ஒதுங்குகிறான் என்று முடிவுகட்டினாள். அழுகை வந்தது. அழுதாள்.

பத்தாம் நாள், அவன் வந்த சத்தம் கேட்டும் செம்போடு போகவில்லை.

புறவாசலில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நிற்கவே இல்லை.

வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் வருகிற தெரு. இப்படியா கொட்டுவது என்று கோபமாக எழுந்து போனாள்.

அவன் முழங்காலுக்குக் கீழே தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தான். உப்பில் வெடித்த கால். தேய்த்தால் எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தான். பிறகு நகக்கண். பிறகு காதுமடல். ஒரு வாளி ஊற்றிக்கொண்டான்.

மணிக்கட்டைத் தூக்கி, நாக்கால் தொட்டுப் பார்த்தான்.

முகம் சுருங்கியது. மறுபடி நாரை எடுத்தான். இன்னொரு வாளி. மறுபடி நாக்கு.

மூன்றாவது தடவையும் அதே முகம்.

சுவரில் ஆணியடித்து அந்தத் தாளைக் குத்தி வைத்திருந்தான். ஒரு வரிக்குக் கீழே மட்டும் பேனாவால் அழுத்திக் கோடு. கடல் உப்பு அறவே கூடாது.

அவளுக்கு என்னவோ பொங்கி வந்தது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அட கிறுக்கு மனுசா. இதற்காகவா வேறு கொடி?

“வேர்வையும் உப்புதானங்க” என்றாள்.

திரும்பினான். கையும் களவுமாகப் பிடிபட்ட முகம். இருபது வருடம் உப்பு வாரியவனுக்கு இது தோன்றவே இல்லை.

வாய்வழியாகப் போனால்தான் கெடுதல், தொட்டால் ஒன்றுமில்லை என்று அவள் எடுத்துச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவள் ஓரடி முன்னே வைத்தாள். அவன் ஈரத்தோடு இரண்டடி பின்னே போனான்.

“இன்னும் நாலு நாளுல்லா, கனி. மருந்து புடிக்கணும்லா.”

அவள் நின்றுகொண்டாள். பத்து நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. நான்கு நாள் என்ன, நாற்பது நாளும் நிற்கலாம் என்று இருந்தது.

மருந்தைக் குடித்துவிட்டுத் திரும்பியதும் முறை மாறியது. அவள் உடம்பிலிருந்து அந்த மருந்தின் கதிர்வீச்சு போகும்வரை யாரும் நெருங்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இப்போது சோறு கொண்டுவருவது அவன். கீழ வச்சிருங்க என்று சொல்வது அவள். சொல்லிவிட்டு இருவரும் ஆளுக்கொரு வாசலில் நின்று சிரித்தார்கள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்தைத் தாண்டி எங்கேயும் போகவில்லை என்றார் டாக்டரம்மா. இனி கிட்டே இருக்கலாம். இனி உப்பும் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் மத்தியானம் அவன் குளிக்காமல் வந்தான். அளத்திலிருந்து நேராக. முழங்கால்வரை வெள்ளை பூத்திருந்தது. அக்கா வீட்டிலிருந்து உப்புச் சாடியை வாங்கி வர மறந்திருந்தான்.

அவள் செம்பை நீட்டினாள். விரலோடு சேர்த்துப் பிடித்தான்.

அவள் திட்டவில்லை. அந்தக் கையைத் திருப்பி, மணிக்கட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

உப்பு சரியாக இருந்தது.