உயரத்துக்கு ஏற்ற எடை

ஆவடியில் போலீஸ் ஆள்சேர்ப்பு மைதானத்தின் உள்ளே எடை பார்க்கிறார்கள். கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், ஷாரன் வாழைப்பழத்தை விழுங்க முடியாமல் மெல்லுகிறாள். "இன்னும் ஒண்ணு துன்னுடி. உன் ஒசரத்துக்கு ஒரு கிலோ கம்மியா கீதே," என்கிறாள் அம்மா ஞானகுமாரி, தன் பெருத்த உடம்பைச் சுவரில் சாய்த்து மூச்சிரைத்தபடி. "முடியலம்மா." "தண்ணியாவது குடி." பாட்டில் காலியாகிறது. வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. கழுத்தெலும்பு அப்படியே துருத்தி நிற்கிறது. உள்ளிருந்து பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஷாரன் எழுந்து ஓடுகிறாள். கேட்டைத் தாண்டியதும் குனிகிறாள். தின்றது அத்தனையும் மண்ணில் கொட்டுகிறது. பின்னாலேயே ஓடிவந்த அம்மாவைக் காவலர் உள்ளே விடவில்லை. கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள் ஞானகுமாரி. பிறகு, அவள் விரல்கள் இன்னொரு பழத்தை உரிக்கத் தொடங்குகின்றன.